கட்டளையிட முடியாத மேய்ப்பர்கள்

கி.பி. 596-ஆம் ஆண்டு. ரோமிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஒரு துறவியர் குழு பாதி வழியில் நின்றுவிட்டது. இன்று பிரான்ஸ் இருக்கும் பகுதிவரை வந்தாயிற்று. அதற்கு மேல் கால் நகரவில்லை. முரட்டு ஜனங்கள், முன்பின் தெரியாத நாடு, ஒரு வார்த்தைகூடப் புரியாத மொழி என்று கேள்விப்பட்டதெல்லாம் சேர்ந்து மனதைக் கலக்கிவிட்டது. கூடிப் பேசினார்கள். திரும்பிப் போவதே நல்லது என்று முடிவானது. தங்கள் தலைவர் அகஸ்டினையே ரோமுக்கு அனுப்பி, இந்தப் பயணத்திலிருந்து எங்களை விடுவித்துவிடுங்கள் என்று கேட்கச் சொன்னார்கள்.

போப் கிரெகரி விடுவிக்கவில்லை. ஒரு கடிதத்தைக் கொடுத்து அகஸ்டினைத் திருப்பி அனுப்பினார். நல்ல வேலையைத் தொடங்கிவிட்டுப் பின்வாங்குவதைவிடத் தொடங்காமலே இருந்திருக்கலாம். வழியின் களைப்புக்கும் பழிபேசும் நாவுக்கும் அஞ்ச வேண்டாம் என்றது அந்தக் கடிதம். முடிவில் அவர் எழுதியதுதான் என்னை நிறுத்தியது. உங்களோடு சேர்ந்து உழைக்க எனக்கு வாய்க்கவில்லை, ஆனாலும் உழைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, ஆகவே பலன் கிடைக்கும் நாளில் நானும் உங்களோடு மகிழ்வேன் என்று எழுதியிருந்தார். பீட் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் எழுதிய இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் இந்தக் கடிதம் அப்படியே இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 597-இல், சுமார் 40 பேர் கென்ட் கரையில் இறங்கினார்கள். அகஸ்டின் கேன்டர்பரியின் முதல் தலைமைப் பேராயர் ஆனார். பிற்காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது. ஆனால் கேன்டர்பரி என்ற ஆசனம் மட்டும் மாறாமல் இருந்தது. அந்தத் திருச்சபையின் மரபில் வந்து உலகமெங்கும் இருக்கும் ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் குடும்பத்தின் மூத்தவராக நெடுங்காலம் பார்த்துவந்தது அந்த ஆசனத்தைத்தான். மனம் தளர்ந்து பாதி வழியில் திரும்பிய ஒருவரை ஒரு ஊக்கக் கடிதம் எழுப்பி நிறுத்தியதால் உண்டான ஆசனம் அது.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலிக்கன் தலைவர்கள் விசுவாசத்தைப் பற்றியும் ஊழியத்தைப் பற்றியும் எழுதும் மடல்கள் பலருக்கு வெறும் சம்பிரதாயமாகத் தெரிகின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு ஒன்று, மாநாடு முடிந்ததும் ஒன்று. குருவானவர் வாசிப்பார், சபையார் கேட்பார்கள், அடுத்த பாட்டு தொடங்கும். ஆனால் இந்தத் திருச்சபையின் அமைப்பைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், ஊக்கமூட்டும் சொல் இங்கே மேலே பூசிய மெருகு இல்லை என்று தெரியும். இவர்களிடம் இருக்கும் ஆளும் கருவியே ஏறக்குறைய அது ஒன்றுதான்.

அதிகாரம் இல்லாத தலைமை

ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் 42 சுயாதீனத் திருச்சபைகள் உண்டு. 165-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கின்றன. மொத்தம் சுமார் 8.5 கோடிப் பேர் என்பது ஐக்கியம் தானே தரும் கணக்கு. ஒவ்வொரு திருச்சபைக்கும் தன் சட்டம், தன் மாமன்றம், தன் தலைவர். கேன்டர்பரி தலைமைப் பேராயர் நைஜீரியாவில் ஒரு பேராயரை நியமிக்க முடியாது. பிரேசிலில் ஒரு குருவானவரை இடமாற்றம் செய்ய முடியாது. ரோமில் போப்பாண்டவருக்கு இருப்பது போன்ற நேரடி அதிகாரம் அவருக்கு இல்லை. அவரால் அழைக்க முடியும், கூட்டிவைக்க முடியும், பேச முடியும், எழுத முடியும். அவ்வளவுதான்.

இது ஏதோ தவறிப்போய் நேர்ந்த ஏற்பாடு இல்லை. 1860-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் ஜான் வில்லியம் கொலென்சோ வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் ஆகமங்களைப் பற்றி எழுதிய நூல் பெரிய சண்டையைக் கிளப்பியது. கேப் டவுன் பேராயர் அவரைப் பதவிநீக்கினார். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. யார் யாருக்கு மேல் என்பதே குழப்பமாகிவிட்டது. எல்லாப் பேராயர்களையும் ஒரே இடத்தில் கூட்டுங்கள் என்று கனடாவின் பேராயர்கள் 1865-இல் கேட்டார்கள். அப்போதைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் சார்ல்ஸ் லாங்லி 1867-இல் 144 பேரை அழைத்தார். 76 பேர் வந்தார்கள். யார்க் தலைமைப் பேராயரே வரவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நிறைவு ஆராதனை நடத்தவும் இடம் கிடைக்கவில்லை. இது சட்டமியற்றும் மாமன்றம் ஆகாது என்று லாங்லி முன்கூட்டியே உறுதி சொல்ல வேண்டியிருந்தது.

சரி, சட்டம் போட முடியாத கூட்டம் என்ன செய்யும்? கடிதம் எழுதும். கிறிஸ்துவுக்குள் விசுவாசிகளாயிருக்கிறவர்களுக்கு என்று விலாசமிட்டு ஒரு மேய்ப்பர் மடலை, லாம்பெத் மாநாடு என்று பெயர் பெற்ற அந்த முதல் கூட்டம் வெளியிட்டது. அதற்குப் பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த மாநாடு கூடுகிறது. தீர்மானங்கள் நிறைய வரும். எதுவும் எந்தத் திருச்சபையையும் சட்டப்படி கட்டாது. கேட்பவர் மனதில் பட்டால் நடக்கும், இல்லாவிட்டால் காகிதத்தில் இருக்கும்.

பிறகு உண்டான மற்ற அமைப்புகளும் இதே வார்ப்புதான். ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு 1971-இல் கென்யாவின் லிமுருவில் முதன்முதலாகக் கூடியது. அதில் பேராயர்களோடு குருமாரும் சாதாரண சபையாரும் உட்காருகிறார்கள். திருச்சபைத் தலைவர்களின் கூட்டத்தைத் தொடங்கியவர் அப்போதைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் டொனால்ட் காகன். அவசரமில்லாமல் யோசிக்கவும் ஜெபிக்கவும் ஆழ்ந்து கலந்துபேசவும் ஓர் இடம் வேண்டும் என்பதே 1978-இல் அவர் சொன்ன நோக்கம். கட்டளை என்ற பேச்சே அங்கே இல்லை.

அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் கிளையான எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் மட்டும் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. பேராயர்கள் அவை மேய்ப்பர் மடல் ஒன்றை வெளியிட்டால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் குருவானவர் அதை ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும் அல்லது பிரதிகளை விநியோகிக்க வேண்டும் என்பது அங்கே திருச்சபைச் சட்டம். வாசிக்கத்தான் சட்டம், கேட்டுக் கீழ்ப்படிய எந்தச் சட்டமும் இல்லை.

ஒரே சொல், மூன்று தமிழ்ச் சொற்கள்

ஊக்கம் என்றால் என்ன என்பதில் எனக்கு நெடுநாள் ஒரு சந்தேகம் இருந்தது. தோளைத் தட்டி நல்லா செய்யுங்கள் என்பதா? கண்டித்துத் திருத்துவதா? அழுகிறவர் பக்கத்தில் உட்காருவதா? தமிழ் வேதாகமமே இதற்கு வழி காட்டுகிறது. புதிய ஏற்பாட்டில் பாராக்லேசிஸ் என்று ஒரு கிரேக்கச் சொல். பக்கத்தில் அழைத்துக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். இதே சொல்லையும் இதன் உறவுச் சொற்களையும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் இடத்தில் ஆறுதல் என்கிறார்கள். பர்னபா ஆறுதலின் மகன் ஆகிறார். ரோமர் நிருபத்தில் புத்தி சொல்லுதல் என்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவர் தேற்றரவாளன் ஆகிறார்.

ஆறுதல், புத்திமதி, தேற்றரவு. நம் காதுக்கு மூன்றும் மூன்று வேறு வேலைகள். மூலத்தில் ஒரே வேலையின் மூன்று முகங்கள். நல்ல மேய்ப்பர் மடலில் மூன்றும் இருக்கும். ஆறுதல் மட்டும் இருந்தால் அது தாலாட்டு ஆகிவிடுகிறது. புத்திமதி மட்டும் இருந்தால் சபையார் முதல் பத்தியிலேயே காதை மூடிக்கொள்கிறார்கள். கிரெகரியின் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள்: பின்வாங்காதே என்று புத்தி சொல்கிறது, பயப்படாதே என்று தேற்றுகிறது, நானும் உன்னோடு இருக்க ஆசைப்படுகிறேன் என்று பக்கத்தில் வந்து உட்காருகிறது.

பேராயரை அபிஷேகம் செய்யும் ஆராதனையிலும் இதே கலவை உண்டு. 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தின் முறைப்படி, புதிய பேராயர் கையில் வேதாகமத்தைக் கொடுக்கும்போது அவரிடம் சொல்லப்படும் வார்த்தைகள் கடுமையானவை. கிறிஸ்துவின் மந்தைக்கு மேய்ப்பனாயிரு, ஓநாயாக இராதே. மேய்த்து வளர், விழுங்கிவிடாதே. பலவீனரைத் தாங்கு, நோயாளிகளைக் குணமாக்கு, நொறுங்குண்டவர்களைக் கட்டு, துரத்தப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவா, காணாமற்போனவர்களைத் தேடு. பொறுப்பேற்கும் நாளில், மகிழ்ச்சியான கூட்டத்தின் நடுவே, நீ ஓநாயாகவும் மாறலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் துணிச்சல் அந்த வரிகளுக்கு உண்டு. அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு வேலைகளும் மந்தைக்கு வெளியே போய்ச் செய்ய வேண்டியவை. மேய்ப்பு எங்கே முடிகிறது, மிஷன் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள்.

பராமரிப்பா, புறப்படுதலா

கோடு கிழிக்க முடியாவிட்டாலும், நடைமுறையில் கோடு விழுந்துவிடுகிறது. இருக்கிற சபையைக் காப்பதிலேயே ஒரு குருவானவரின் வாரம் முடிந்துவிடும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், கூரை ஒழுகல், கமிட்டிக் கூட்டம். 1988 லாம்பெத் மாநாடு இதை வெளிப்படையாகவே பேசியது. பராமரிப்பு, வளர்ப்பு என்பவற்றோடு நின்றுவிடாமல் அறிவிப்புக்கும் சேவைக்கும் நகர வேண்டும் என்று கேட்டது. இரண்டாயிரமாம் ஆண்டுக்கு முந்திய பத்து ஆண்டுகளைச் சுவிசேஷப் பத்தாண்டு என்று அறிவித்தது.

விளைவு ஒரே மாதிரி இருக்கவில்லை. நைஜீரியத் திருச்சபை அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வடபகுதிக்கு மிஷனரிப் பேராயர்களை அபிஷேகம் செய்து அனுப்பியது. மந்தை சேர்ந்த பிறகு மேய்ப்பர் வருவது வழக்கம். இங்கே மேய்ப்பர் முதலில் போனார். இங்கிலாந்தில் அதே பத்தாண்டில் ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்தது. ஒரே மடல், ஒரே அழைப்பு. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் இருக்கிற குழுக்களின் கூட்டக் குறிப்புகளில் ஒரு தலைப்பாகச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. மேலிருந்து வரும் ஊக்கம், கீழே ஏற்கெனவே இருக்கும் பசியைத்தான் தூண்ட முடியும். பசியை அது உண்டாக்குவது அபூர்வம்.

அந்த நாட்களில் உருவான இன்னொன்று அதைவிட ஆழமாக வேர்பிடித்தது. 1984-இல் நைஜீரியாவின் படாக்ரியில் கூடிய ஆலோசனைக் குழு, மிஷன் என்றால் என்ன என்பதற்கு நான்கு அடையாளங்களை வரைந்தது. தேவனுடைய ராஜ்யத்தின் நற்செய்தியை அறிவிப்பது. புதிய விசுவாசிகளுக்குப் போதித்து, ஞானஸ்நானம் கொடுத்து, வளர்ப்பது. மனிதரின் தேவைக்கு அன்பின் சேவையால் பதில் கொடுப்பது. சமுதாயத்தின் அநியாயமான கட்டமைப்புகளை மாற்ற முயல்வது. 1990-இல் வேல்ஸில் கூடியபோது ஐந்தாவதைச் சேர்த்தார்கள்: படைப்பைப் பாதுகாத்து, பூமியின் வாழ்வைப் புதுப்பிப்பது. 2012-இல் ஆக்லாந்தில் நான்காவது அடையாளத்தை விரிவாக்கி, எல்லாவித வன்முறையையும் எதிர்ப்பது, சமாதானத்தையும் ஒப்புரவையும் தேடுவது என்பதைச் சேர்த்தார்கள்.

படாக்ரி என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளைக் கப்பலேற்றிய துறைமுகங்களில் ஒன்று அது. அநியாயமான கட்டமைப்புகளை மாற்றுவது மிஷனின் பாகம் என்ற வரி அங்கே எழுதப்பட்டது. ஆங்கிலிக்கன் மிஷனுக்கு அந்த வரி மிகவும் தேவைப்பட்டது. 1701-இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்துக்கு பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் உயிலாக வந்தது. அதில் அடிமைகள் வேலை செய்தார்கள். சுவிசேஷம் பரப்ப உண்டான சங்கத்தின் பெயரே அவர்கள் மார்பில் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் மாமன்றம் 2006-இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. மிஷன் என்ற சொல்லை இன்று ஒரு தலைவர் மடலில் எழுதும்போது, அந்தச் சூட்டுத் தழும்பும் கூடவே வருகிறது. அதை மறந்துவிட்டு எழுதும் உற்சாகம் எனக்கு ஒட்டுவதில்லை.

எடின்பரோவில் ஒரு குரல்

மிஷன் மேலிருந்து கீழே கொடுப்பதாக இருந்த காலத்தில், வாங்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பியரும் அமெரிக்கருமே. அங்கே பேச எழுந்தார் 35 வயதான வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர்.

மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள் என்று கொரிந்தியர் நிருபத்தின் வார்த்தைகளையே எடுத்து நன்றி சொன்னார். அப்புறம் சொன்னார்: நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அதே அதிகாரத்தில் பவுல் சொல்கிறது, அன்பு இல்லாவிட்டால் இவையெல்லாம் ஒன்றுமில்லை என்றுதானே. அரங்கில் இருந்தவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. சிலர் முகம் சுளித்தார்கள்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் தோர்ணக்கல் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். தெலுங்குக் கிராமங்களில் மாட்டு வண்டியில் சுற்றினார். சபையாரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலிக்காரர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அவர் செய்யச் சொன்ன ஒரு காரியம் பலர் நினைவில் நின்றது. தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்ல வேண்டும்.

அபிஷேகத்தில் பேராயர் கை வைக்கும் இடம் தலை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிப் பெண் தன் தலையில் தானே கை வைக்கிறாள், பவுல் அப்போஸ்தலன் தன்னைப் பற்றிச் சொன்ன வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். அவளை யாரும் தொடத் துணியாத காலம் அது. எத்தனை பக்க மடல் எழுதினாலும் இந்த ஒரு சைகைக்கு ஈடாகுமா என்று தெரியவில்லை. ஊழியம் குருவானவரின் வேலை என்ற எண்ணத்தை அவர் அந்தக் கையாலேயே எடுத்துப்போட்டுவிட்டார்.

லாம்பெத் மாநாட்டின் சொல் நிஜமாகவே ஏதாவது செய்ததா என்று கேட்பவர்களுக்கும் அசரியாவின் வாழ்க்கையில் விடை உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் அவரும் வேறு சில திருச்சபைத் தலைவர்களும் கூடி, சிதறிக்கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். மறு ஆண்டே லாம்பெத் மாநாடு, முதல் உலகப் போரின் இடிபாடுகள் நடுவே, கிறிஸ்தவர் எல்லாருக்கும் ஓர் அழைப்பு என்ற மடலை வெளியிட்டது. பிரிவினை பாவம், ஒன்றாகுங்கள் என்பது அதன் சாரம். இங்கே பசி ஏற்கெனவே இருந்தது; மடல் அதற்குத் துணை நின்றது. 27 ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. அசரியா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று காலமாகியிருந்தார். அந்த ஐக்கியத்தை லாம்பெத்தும் சுலபமாக ஏற்கவில்லை என்பது வேதனையான பின்குறிப்பு. 1948 மாநாட்டில் பேராயர்கள் இதில் இரண்டுபட்டார்கள். தாங்கள் ஊக்குவித்த பிள்ளை எழுந்து நடந்தபோது ஒரு சாரார் தயங்கி நின்றார்கள். தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு அங்கத்தினராக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின.

கையெழுத்தின் விலை

1977, உகாண்டா. இடி அமீனின் ஆட்சி. அந்நாட்டுத் திருச்சபைக்கு அது நூற்றாண்டு ஆண்டு. பிப்ரவரி 5 நள்ளிரவுக்குப் பிறகு, ஆயுதம் தேடுகிறோம் என்று தலைமைப் பேராயர் ஜனானி லுவும் வீட்டுக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. சில நாட்களில் உகாண்டாவின் பேராயர்கள் கூடி அமீனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தங்கள் தலைவருக்கு நடந்ததைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஜனங்கள் காணாமல் போகிறார்கள், கொல்லப்படுகிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவன் வைத்ததே சட்டமாகிவிட்டது என்பதைச் சொன்னார்கள். கையெழுத்திட்டார்கள்.

பிப்ரவரி 16 அன்று லுவும் கைது செய்யப்பட்டார். அவரும் இரண்டு மந்திரிகளும் கார் விபத்தில் இறந்துவிட்டதாக மறுநாள் அரசு அறிவித்தது. யாரும் நம்பவில்லை. உடலைக் கம்பாலாவில் ஒப்படைக்கவில்லை; அவருடைய கிராமத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நமிரெம்பே பேராலயத்தில் அவருக்காகத் தோண்டிய குழி வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, 1885-இல் கொல்லப்பட்ட மிஷனரிப் பேராயர் ஜேம்ஸ் ஹானிங்டனின் கல்லறை. ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் அந்த ஆலயத்துக்கு வந்தார்கள். ஆராதனை முடிந்தும் போகாமல், வெறுங்குழியைச் சுற்றி நின்று பாடினார்கள். ஆள் இல்லாத கல்லறை என்பது கிறிஸ்தவர்களுக்கு என்ன அர்த்தம் தரும் என்பதை ராணுவம் யோசித்திருக்காது.

உகாண்டா பேராயர்களின் அந்தக் கடிதம் சபையாருக்கு எழுதியது இல்லை, சர்வாதிகாரிக்கு எழுதியது. ஆனாலும் மேய்ப்பர் மடல் என்ற பெயருக்கு அதைவிடத் தகுதியான ஒன்றை எனக்குத் தெரியாது. கிரெகரி கூடவே உழைக்க ஆசை என்று எழுதினார். இவர்கள் கூடவே இருந்தார்கள். மந்தைக்கு இருந்த ஆபத்தை மேய்ப்பர்களும் தங்கள் கையெழுத்தால் தங்கள்மேல் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜான் ஸ்மித் என்பவர் கிறிஸ்தவ முகாம்களின் வழியாகப் பல ஆண்டுகள் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாக அடித்துத் துன்புறுத்திய விவகாரத்தில், திருச்சபைத் தலைமை செய்யத் தவறியதை 2024 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது. சில நாட்களில் அப்போதைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். 2013-இல் பொறுப்பேற்றபோது ஜெபம், ஒப்புரவு, சுவிசேஷ சாட்சி என்ற மூன்றை முன்வைத்தவர் அவர். உண்மையிலேயே அதற்காக உழைத்தவர் என்றே நான் நினைக்கிறேன். அவரும் யார்க் தலைமைப் பேராயரும் 2016-இல் தொடங்கிய ஓர் ஏற்பாடு உண்டு: பரமேறுதல் நாளுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இடையில், விசுவாசத்துக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஐந்து பேரின் பெயரை எழுதிவைத்து ஜெபிப்பது. அது இங்கிலாந்தைத் தாண்டிப் பல நாடுகளில் பரவியது. பெருங்கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் ஐந்தே பெயரைக் கேட்டதுதான் அதன் பலம். ஆனால் ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கத் தவறிய இடத்தில், அந்த நல்ல வேலைகள் எதுவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாக முடியாது. 1662-இன் அந்த வரி கடுமையாக இருந்ததற்கு நியாயம் இருந்தது.

இப்போது யார் எழுத, யார் வாசிக்க

2022 லாம்பெத் மாநாட்டுக்கு 650-க்கும் மேற்பட்ட பேராயர்கள் வந்தார்கள். தேவனுடைய உலகத்துக்காகத் தேவனுடைய திருச்சபை என்பது கருப்பொருள். தினமும் பேதுருவின் முதல் நிருபத்தைப் படித்தார்கள். சிதறிக்கிடந்த, பாடனுபவித்த சபைகளுக்கு எழுதப்பட்ட மடல் அது. மந்தையைக் கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாய் மேய்க்கச் சொல்லும் அதிகாரமும் அதில்தான் வருகிறது. தீர்மானம் என்ற சொல்லையே இந்த முறை விட்டுவிட்டு அழைப்பு என்றார்கள். வாக்களிக்க மின்னணுக் கருவி கொண்டுவந்து, சச்சரவு வந்ததும் அதைக் கைவிட்டார்கள். கட்டளையிட முடியாத தலைமை தன் இயல்பை ஒப்புக்கொண்ட தருணம் என்று இதைப் பார்க்கலாம். பலவீனம் என்றும் பார்க்கலாம். நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா திருச்சபைகளின் தலைவர்கள் வரவே இல்லை.

ஓரினச் சேர்க்கையாளர் திருமணமும் அபிஷேகமும் பற்றிய பிளவு 1998 மாநாட்டிலேயே வெளிவந்துவிட்டது. 2008-இல் எருசலேமில், பழைய போதனையை மாற்றக் கூடாது என்பவர்களின் காஃப்கான் என்ற தனி மாநாடு தொடங்கியது. எல்லாரும் ஒரே மடலை வாசித்த காலம் அதோடு முடிந்தது. இன்று காஃப்கான் தலைவர்களும் தங்கள் சபைகளுக்கு விசுவாசத்தையும் ஊழியத்தையும் பற்றி மேய்ப்பர் மடல் எழுதுகிறார்கள். கேன்டர்பரியும் எழுதுகிறது. சொற்கள் பெரும்பாலும் ஒன்றே: நற்செய்தி, சீஷத்துவம், சாட்சி, தைரியம். ஒருவர் மடலை இன்னொருவர் ஆலயத்தில் வாசிப்பதில்லை. கடிதம் ஒன்றாலேயே சேர்ந்திருந்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. சட்டம் கட்டிய குடும்பம் பிரிந்தால் வழக்கு நடத்தலாம். நேசத்தால் கட்டியது பிரிந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

2025 அக்டோபர் 3 அன்று சாரா முல்லாலி அடுத்த கேன்டர்பரி தலைமைப் பேராயராக அறிவிக்கப்பட்டார். அந்த ஆசனத்துக்கு ஒரு பெண் தெரிந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. குருப்பட்டம் பெறுமுன் நர்ஸாக இருந்தவர், இங்கிலாந்தின் தலைமைச் செவிலியர் பொறுப்பையும் வகித்தவர். மான்செஸ்டரில் ஒரு யூத ஜெப ஆலயம் தாக்கப்பட்டதற்கு மறுநாள் அது. கேன்டர்பரியில் பேச எழுந்தபோது அந்தத் துயரத்தையும் அவர் தொட்டுப் பேசினார். இரண்டு வாரத்துக்குள் காஃப்கான் கேன்டர்பரியின் தலைமையை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது. எழுதும் மடலைத் தன் குடும்பத்தில் பெரும்பகுதி திறந்தே பார்க்காது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டிய நிலை ஒரு தலைமைப் பேராயருக்கு வந்தது.

கேன்டர்பரி பேராலயத்தில் புதிய தலைமைப் பேராயரை அமர்த்தும் ஆராதனைக்காக, கேம்பிரிட்ஜ் கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து ஆறாம் நூற்றாண்டின் சுவிசேஷப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். கிரெகரி அனுப்பியது என்பது மரபு. அப்புறம் ஒரு கல் நாற்காலியில் அவரை உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலிக்கு இருக்கும் பெயர், பாதி வழியில் பயந்து ரோமுக்குத் திரும்பிப் போன அகஸ்டினின் பெயர்.